இரண்டாவது எண்

என் அண்ணனிடம் கம்ப்யூட்டர் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மூன்று வாரமாக ஒருத்தன் விடாமல் போன் செய்து அந்தக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. இருபத்தாறு வருஷ மெக்கானிக். கம்பெனியில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'கொஞ்சம் இருங்க'. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், அங்கே இருக்கிற பொத்தானை அழுத்துவார்கள். அழைப்பு நேராகக் கம்பெனிக்கு வரும். ஆள் போய்ச் சேர அரை மணி, முக்கால் மணி ஆகும். மற்றவர்கள் எடுத்தால் ஆள் அனுப்பியாச்சு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அண்ணன் வைக்க மாட்டான். கொஞ்சம் இருங்க, எதிரில் ஒரு தகடு இருக்கும், அதில் என்ன நம்பர் என்று படியுங்கள் என்பான். படித்தால், சரியாகக் கேட்கவில்லை, மெதுவாக இன்னொரு தடவை என்பான். கையில் என்ன பை, பையில் என்ன, எந்த மாடிக்குக் கிளம்பினீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பேசிக்கொண்டிருக்கிற ஆள் கதவை உதைக்க மாட்டார், மயங்கி விழ மாட்டார் என்பது அவன் கட்சி. கதவு திறக்கிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் போனை வைப்பான். வீட்டிலும் அதே கதைதான். அவனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

நான் அவனுக்கு ஆறு வருஷம் இளையவள். ஒரு லாண்ட்ரிக் கடையில் துணியை வாங்கி நம்பர் சீட்டு குத்துகிற கவுன்ட்டரில் நிற்கிறேன். எனக்குக் கல்யாணம் ஒத்துவரவில்லை. அவனுக்கு ஒத்துவந்தது, ஆனால் அண்ணி ஆறு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அதனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் காலம் தள்ளுகிறோம். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு எடை பார்த்து நாற்காலியில் சாய்த்து, இடது கையில் இரண்டு தடித்த ஊசிகளைச் செருகுவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, மற்றதன் வழியாகத் திரும்பி வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மற்ற நாட்களில் மெக்கானிக் வேலை முடியாது என்று கம்பெனியில் அவனைப் போன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறுவான். விழுந்தால் பிடிக்கிற பாவனையில் நான் ஒரு படி கீழே வருவேன். அவன் விழுந்தால் நானும் சேர்ந்துதான் உருள வேண்டும், அது இரண்டு பேருக்கும் தெரியும். என்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை. முதல் ரிப்போர்ட்டிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஆஸ்பத்திரியின் காத்திருப்போர் பட்டியல் ஒன்றுதான்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு முறை உண்டு. எங்கோ ஒருவருக்கு மூளைச்சாவு நேர்ந்து, வீட்டார் சம்மதித்து, ரத்த வகையும் மற்றதும் பொருந்தி வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். எந்த நாள், எந்த நேரம் என்று கிடையாது. முதலில் நோயாளியின் நம்பருக்குக் கூப்பிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் படிவத்தில் இருக்கிற இரண்டாவது நம்பருக்கு. அரை மணிக்குள் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். சிறுநீரகம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. இரண்டாவது நம்பர் என்னுடையது. அதை அண்ணன் படிவத்தில் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நான் குளிக்கப் போனாலும் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போகிறேன்.

அப்படிப்பட்ட ஒரு போனில்தான் அண்ணன் விளையாட ஆரம்பித்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. டயாலிசிஸில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் ரிட்டயரான லேப் அட்டெண்டர் ஒருவர் படுத்திருப்பார். ஒருநாள் அவருக்குப் போன் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, நாங்கள் சொல்கிறபடி செய்யுங்கள் என்று. நல்ல மனுஷர், சொன்னபடியெல்லாம் செய்தார். ஆபரேஷனுக்கு என்று வைத்திருந்த பணத்தை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெற்ற மகளிடம் சொல்ல வெட்கப்பட்டு அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்தார். பழைய ஆள் எங்கே என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அதே மாதிரிப் போன் அண்ணனுக்கே வந்தது. பேசினவன் தன்னை சீனியர் டெக்னீஷியன் என்று சொல்லிக்கொண்டான். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான். கம்ப்யூட்டருக்கு முன்னால்தானே இருக்கிறீர்கள், ஸ்க்ரீனில் என்ன தெரிகிறது என்று கேட்டான். அண்ணன் கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற டயாலிசிஸ் மெஷினைப் பார்த்தான். அதிலும் ஒரு ஸ்க்ரீன் இருந்தது. பச்சை விளக்கு எரிகிறது, மேலே முந்நூறு என்று இருக்கிறது, கீழே நூற்று நாற்பது, இப்போது நூற்று நாற்பத்திரண்டு ஆகிவிட்டது என்று படித்தான். அவன் அதெல்லாம் வேண்டாம் சார், கீழே இடது மூலையில் பாருங்கள் என்றான். அங்கே சொட்டு மாதிரி ஒரு படம் இருக்கிறது என்றான் அண்ணன். அதை அழுத்துங்கள் என்றான் அவன். கொஞ்சம் இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, மூக்கில் கண்ணாடியோடு, போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்து இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான். திரும்ப எடுத்தபோது அவன் அங்கேயே இருந்தான்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இதே கூத்து. மெஷினில் எண் மாற மாற சீனியருக்கு நம்பிக்கை கூடியது. எண் மாறுகிற கம்ப்யூட்டரில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ. நர்ஸ்கள் கூட மெஷினைச் சரிபார்க்க வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். எதிர் வரிசைக்காரர் இன்றைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுத் தன் மனைவியிடம் போய்ச் சொல்வாராம். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை. லைன் பிஸியாக இருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வாய் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். இன்னொரு கால் வந்தால் ஸ்க்ரீனில் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றான். பார்க்கத் தவறினால் என்றேன். அவன் என்னை உட்காரச் சொன்னான்.

"அந்த நாலு மணி நேரம் எனக்கு எதுக்கும் உதவாது. ஆனா அவன் எங்கிட்ட பேசற வரைக்கும் இன்னொரு லேப் அட்டெண்டர்கிட்ட பேச முடியாதில்ல."

 எனக்குப் பயம் அதற்காகக் குறையவில்லை. எனக்கு எப்போதும் கோபம் முன்னால் வரும், பயம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வரும். அண்ணனுக்கு அது தெரியும். அதனால் நான் கத்துகிற நாட்களில் எல்லாம் அவன் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை குட்டு உடைந்தது. பேச்சு சுவாரசியத்தில் அண்ணன் இடது கையை மடக்கிவிட்டான். குழாய் அடைத்து மெஷின் கூவியது. நர்ஸ் ஓடிவந்து, டயாலிசிஸ் ஓடும்போது கையை மடக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்று சத்தம் போட்டார்.  பிறகு சீனியர் பேசினான். பேச்சில் இருந்த சார் எல்லாம் காணாமல் போயிருந்தது.

"இத்தனை நாளும் டயாலிசிஸ் மெஷினையா படிச்சுக் காட்டினீங்க?"

அண்ணன் மடக்கின கையை நீட்டி வைத்துக்கொண்டான்.

"கிட்னிக்கு லிஸ்ட்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான் என் அண்ணன். மூன்று வாரம் அளந்துவிட்ட மனுஷன் கடைசியில் ஒரே ஒரு உண்மையைச் சொன்னான், அதுவும் சொல்லக் கூடாத உண்மை. ஏன் சொன்னாய் என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோது, அந்தக் கேள்வியை மட்டும் அவன் நிஜமாகக் கேட்ட மாதிரி இருந்தது என்றான்.  கிட்னிக்குக் காத்திருக்கிறவனை எந்த வார்த்தை சொன்னால் எழுந்து ஓட வைக்கலாம் என்று இனிமேல் அந்தப் பாவிக்குத் தெரியும்.

எட்டு நாள் அவனிடமிருந்து ஒரு போனும் இல்லை. சீனியர் விட்டுவிட்டான் என்றான் அண்ணன். எனக்கு ஒவ்வொரு போன் மணிக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணனின் போன் அடித்தது. பெண் குரல். பெயரைச் சொல்லி அவர்தானே என்று கேட்டு, சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொன்னாளாம். பணம் கேட்கவில்லை, நம்பர் கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. அதனால் நானும் சந்தேகப்படவில்லை. மூன்று வருஷமாகக் கதவுக்குப் பின்னால் தயாராக இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வண்டியில் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். இறந்துபோனவர் யாராக இருக்கும், சின்ன வயசோ என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அப்படி எதுவும் வரவில்லையே, யாரும் உங்களைக் கூப்பிடவில்லையே என்றார். அண்ணன் நம்பவில்லை. இவருக்குத் தகவல் வந்திருக்காது, மேலே யாருக்காவது தெரிந்திருக்கும் என்று அந்த நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்றரை மணிக்கு அவன் போன் அடித்தது. நான் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது. சீனியரின் குரல்தான்.

"எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்க சார்?"

கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அண்ணன் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அழுதேன். சீனியரைத் திட்டிக்கொண்டே அழுதேன். டியூட்டி டாக்டர் வந்து விசாரித்து, ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் அவசரத்தில் கையில் கிடைக்கிற எந்தப் போனிலிருந்தும் கூப்பிடுவோம், அதனால் சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு இந்த நம்பருக்கு நீங்களே பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாளே அந்தச் சீட்டை லாண்ட்ரிக் கவுன்ட்டரில், குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.

அண்ணனுக்கு ஒரு சட்டமும் போட்டேன். பெயர் வராத நம்பர் எதையும் நீ எடுக்கக் கூடாது. எடுத்தால் பேசிக்கொண்டே இருப்பாய், உன் பேச்சே உனக்குச் சத்ரு. ஆஸ்பத்திரி என்றால் எனக்கு வரும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாக்குவாதம் பண்ணுவான் என்று பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டான். எனக்கு அதுவே பயமாக இருந்தது. டயாலிசிஸ் நாற்காலியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று நர்ஸ் சொன்னார்.

சீனியர் விடவில்லை. கூரியர் என்று ஒரு நம்பர், போலீஸ் என்று ஒரு நம்பர், எல்லாம் அண்ணனின் போனுக்குத்தான். வீட்டில் நான் இருந்தால் பிடுங்கி எடுத்துக் காது கிழியத் திட்டுவேன். ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி என்றே ஒருத்தன் ஆரம்பித்தான். நீ எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். திட்டி முடித்த பிறகு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருக்கும். அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பத்தாம் நாள், புதன்கிழமை, மதியம் மூன்று மணி. கடையில் ஒரு வாடிக்கையாளர் கோட்டை விரித்துப்போட்டு, கொடுக்கும்போது ஐந்து பொத்தான் இருந்தது, இப்போது நாலுதான் என்று நின்றார். சீட்டில் நாலு என்று நானே குறித்திருந்தேன். எனக்கு ஏற்கெனவே சுர்ரென்று ஏறியிருந்தது. அப்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆண் குரல், மூச்சு வாங்கப் பேசினான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், உங்கள் அண்ணன் போனை எடுக்கவில்லை, சிறுநீரகம் வந்திருக்கிறது, அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றான். நான் முழுவதும் கேட்கவில்லை.

"உன் வீட்டுல ஒருத்தர் இப்படிக் கிடந்தா தெரியும்டா உனக்கு. இன்னொரு தடவை ஆஸ்பத்திரின்னு சொன்னே, நீ எங்க இருந்தாலும் தேடி வந்து செருப்பால அடிப்பேன்."

அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்கம்மா என்றான். வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. அந்த நம்பரை பிளாக் பண்ணினேன். கோட்டுக்காரர் பேச்சை மாற்றி, போகட்டும், நாலாகவே இருந்திருக்கும் என்று கோட்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இஸ்திரி போடுகிறவர் எட்டிப் பார்த்து, யாரம்மா அது என்று கேட்டார். எங்கள் அண்ணனைப் படுத்துகிறவன், இன்றைக்கு நன்றாகக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கைக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டியிருந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தால் அல்லவா பார்ப்பேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நாலு மணிக்கு அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரே நம்பரிலிருந்து மூன்று தடவை வந்தது, நீ சொன்னபடி எடுக்கவில்லை, யார் என்று பார் என்று எழுதி நம்பரையும் போட்டிருந்தான். பார்த்தேன். நான் பிளாக் பண்ணின அதே நம்பர். இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறான், எவ்வளவு திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சட்டையை எடுத்து, காலரில் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது.

என் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?

சீனியர் இத்தனை நாளில் ஒரு தடவைகூட எனக்குக் கூப்பிட்டதில்லை. அவனிடம் இருந்தது அண்ணனின் நம்பர் மட்டும்தான். அண்ணன் நம்பருக்குக் கீழே என் நம்பர் எழுதியிருக்கிற காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

டேப்பைக் கிழித்துச் சீட்டை எடுத்தேன். எண்களை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். இஸ்திரிக்காரர்தான் வாங்கி அழுத்திக் கொடுத்தார். ஒரு பெண் எடுத்தார். பட்டியலைக் கவனிக்கிற பொறுப்பாளர் அவர். அண்ணன் பெயரைச் சொன்னதும் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது.

"மூணு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும் ரெண்டு நம்பருக்கும் முயற்சி பண்ணினோம்மா. அடுத்தவரை வரச் சொல்லிட்டோம்."

நான் கெஞ்சினேன். வெட்கமே இல்லாமல் கெஞ்சினேன். இப்போதே கிளம்பினால் இருபது நிமிஷத்தில் வந்துவிடுவான், அவன் கம்பெனி பக்கத்தில்தான், தவறு என்னுடையது, அவனுடையது இல்லை, அவனை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.  நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்தவர் வந்து சேர்ந்துட்டார்மா. அவரும் நாலு வருஷமா காத்திருக்கார்."

 உங்கள் அண்ணன் பட்டியலில் அதே இடத்தில்தான் இருக்கிறார், பெயர் போகாது என்று ஆறுதலாக ஏதோ சொன்னார். அடுத்தது எப்போது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். தெரிந்த பதிலைத்தான் கேட்டேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாள், அதே ஆஸ்பத்திரி, எப்படியும் அவன் காதுக்குப் போய்விடும் என்பதால்தான் சொல்லத் துணிந்தேன். யோக்கியதையால் இல்லை. சாயங்காலம் அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடிப்பேன் என்று சொன்னதையும் விடவில்லை. அவன் ஒரு காலில் ஷூவோடு குனிந்தபடியே கேட்டான். நிமிரவில்லை.

"அடுத்த ஆளுக்குப் பொருந்திடுச்சாமா?"

தெரியவில்லை, ஆனால் நாலு வருஷமாகக் காத்திருக்கிறவராம் என்றேன்.

நம்மைவிட ஒரு வருஷம் கூட என்றான். மற்ற ஷூவையும் கழற்றி ஜோடியாக ஓரமாக வைத்தான். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை கேட்டிருந்தால், உன் சட்டம்தானே, உன் வாய்தானே என்று கேட்டிருந்தால், நானும் நாலு வார்த்தை சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.  சாப்பாட்டை மூடி வைத்தேன். காலையில் அது அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் பெண்மணி பைலோடு வந்தார். போனில் கேட்ட குரல்தான். என்னைப் பார்த்தார், யார் என்று புரிந்துகொண்டார். அண்ணனிடம் மட்டும் பேசினார். நேற்று இரண்டு நம்பரிலும் கிடைக்காமல் போய்விட்டது, இனி இப்படி ஆகக் கூடாது, தொடர்புக்கு யாரையாவது மாற்ற வேண்டுமென்றால் இதிலேயே மாற்றிக் கொடுங்கள் என்று படிவத்தை நீட்டினார். தெளிவாக, கனிவாகத்தான் சொன்னார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அண்ணனுக்கு இடது கையை அசைக்க முடியாது. அதனால் படிவம் வைத்த அட்டையை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலது கையில் பேனாவை வாங்கினான். அவனுடைய நம்பரைச் சரிபார்த்து டிக் போட்டான். அதற்குக் கீழே, உறவு என்ற இடத்தில் தங்கை என்றும், பக்கத்தில் என் நம்பரும் மூன்று வருஷத்துக்கு முந்தைய அவன் கையெழுத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு கோடு போட்டான். நடுங்காமல், நேராக, முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரைக்கும்.

அட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அதுதான் அப்போது என்னால் முடிந்தது. பேனா அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது. யாரை எழுதுவான் என்று நானும் அவனோடு சேர்ந்து யோசித்தேன். கம்பெனி மேனேஜர் அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். அண்ணியின் தம்பி பேசுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. எதிர் வரிசைக்காரரே இந்த ஆஸ்பத்திரி போனுக்குக் காத்திருக்கிற ஆள். வேறு யாரும் எனக்கும் தோன்றவில்லை. மெஷினில் எண் ஒன்று ஏறி இறங்கியது. அண்ணன் பேனாவை அழுத்தி, ஒவ்வொரு எண்ணாக, மெதுவாக எழுதினான். என் நம்பர்தான். அடித்ததற்கு நேர் கீழே.

பொறுப்பாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பழைய நம்பர்தானே, மாற்றவில்லையா என்று கேட்டார்.

"ஆமாங்க, அதேதான்" என்றான் அண்ணன்.

அவர் பைலை மூடிக்கொண்டு போனார். மன்னித்து எழுதினானா, வேறு ஆள் இல்லாமல் எழுதினானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பான். எனக்குத்தான் கேட்கத் தைரியம் வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்து, சத்தம் முழுதாக வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன்.